சீட்டியும் கந்தையும்

என் தையல் மேசையில் இப்போது முடியாமல் கிடப்பவை மூன்று. ஒன்று, ‘லாக் கேபின்’ டிசைனில் ஆறு வருஷமாக நான் தைத்துக்கொண்டிருக்கும் பெரிய கட்டில் போர்வை. முப்பது கட்டங்கள் வேண்டும், பதினேழு முடிந்திருக்கின்றன. இரண்டாவது, அம்மாவின் பழைய புடவைகளை வெட்டித் தைக்கலாம் என்று கட்டி வைத்து, இன்னும் கத்தரியே படாத ஒரு மூட்டை. மூன்றாவது, அக்கா மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கான சின்னப் போர்வை. இது ஒன்றுக்குத்தான் கெடு உண்டு. குழந்தை நமக்காகக் காத்திருக்காது.

அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்கள் இப்படி அரைகுறையாக நிற்பவற்றை யூ.எஃப்.ஓ. என்பார்கள். பறக்கும் தட்டு இல்லை, அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்ஸ். நான் போகும் தையல் குழுவில் ஒரு பாட்டியம்மாளிடம் இப்படி நாற்பது இருக்கிறதாம். பெருமையாகத்தான் சொல்வார்.

தெரியாதவர்களுக்காக: குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு. நடுவே பஞ்சுப்படலம், அதை ‘பேட்டிங்’ என்பார்கள். அடியில் ஒரு முழுத் துணி. இந்த மூன்றையும் ஊடுருவி ஓடும் தையல்தான் குவில்டிங். துண்டு சேர்க்கும் வேலைக்குப் பெயர் பேட்ச்வொர்க். இரண்டும் வேறு வேறு வேலை, வரலாறும் வேறு வேறு. பேட்ச்வொர்க் இல்லாத குவில்ட் உண்டு, குவில்டிங் இல்லாத பேட்ச்வொர்க்கும் உண்டு.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் தேடிப் பார்த்தேன். ‘ஒட்டுப்போர்வை’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் நம் காதில் ஒட்டு என்றாலே கிழிசல்தான். நம் ஊர் வெயிலுக்கு மூன்று அடுக்குப் போர்வை தேவைப்படவும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளில் துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலை எவ்வளவு நேர்த்தியாக நடக்கிறது! அது சாமிக்கு. மனிதர்கள் போர்த்திக்கொள்வதில் ஒட்டு இருந்தால் அது தரித்திரம். தொலைபேசியில் அம்மா கேட்டாள்: “ஏண்டி, கந்தலைத் தச்சுப் போத்திக்கவா அமெரிக்கா போனே?”

கந்தல், கந்தை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதில் வரும் அதே கந்தைதான் சம்ஸ்கிருதத்தில் கந்தா, வங்காளத்தில் காந்தா. வங்காளப் பெண்கள் நைந்த புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலாகப் போட்டுத் தைத்தார்கள். பிறந்த குழந்தையைச் சுற்ற அதைவிட மெதுவான துணி கிடையாது. வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், பழைய துணிகளால் கவந்தி தைக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் பூ என்று ஒரு முக்கோணத் துண்டு வைக்காவிட்டால் அவர்கள் கணக்கில் அந்தப் போர்வை அம்மணம். நம் வீடுகளிலும் பிறந்த குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியில்தானே சுற்றினார்கள்? தூளி கட்டியது அம்மாவின் பழைய நூல் புடவையில்தானே? பழந்துணி குழந்தைக்கு நல்லது என்பது நமக்குத் தெரியும். அதைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி சேர்ப்பதுதான் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. நல்ல கேள்விதான். முழுசாக இருக்கிற துணியை ஏன் வெட்ட வேண்டும்?

அமெரிக்காவில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. குடியேறிய காலத்தில் துணிக்குப் பஞ்சம், குளிரோ கடுமை, ஆகவே சிக்கனமான பெண்கள் கிழிந்த துணிகளைச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள், அப்படிப் பிறந்த கலை இது என்பார்கள். கேட்க அழகான கதை. ஆனால் குவில்ட் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதை ஏற்பதில்லை. துணிக்குப் பஞ்சம் இருந்த காலத்தில் பேட்ச்வொர்க் பெரிதாக வளரவில்லை. நெய்த துணி அன்று பணக்காரப் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து மிஞ்சியிருக்கும் அமெரிக்கக் குவில்ட்களில் பெரும்பாலானவை வசதியான வீட்டுப் பெண்கள், நேரமும் நல்ல துணியும் இருந்தவர்கள், செய்தவை. ஏழைகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டார்கள். வீடு வீடாகப் பேட்ச்வொர்க் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், துணி மலிந்த பிறகு. அதாவது பஞ்சத்தின் பிள்ளை அல்ல இது, மலிவின் பிள்ளை. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனால் கதை நம் கடற்கரையில் தொடங்குகிறது.

சின்ன வயதில் ‘சீட்டிப் பாவாடை’ என்று கேட்டிருப்போம். பூப்போட்ட பருத்தித் துணிக்குச் சீட்டி என்று பெயர். ஆங்கிலத்தில் சின்ட்ஸ். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் என்று சோழமண்டலக் கரை நெடுகப் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்து உட்கார்ந்ததற்குத் துணியே முதல் காரணம். ஐரோப்பாவில் அதுவரை பருத்தியில் நிற்கிற சாயம் போடத் தெரியாது. மேலே பூசினால் துவைத்ததும் போய்விடும். நம்மவர்கள் படிகாரத்தால் துணியைப் பக்குவப்படுத்தி, சாயவேரில் கொதிக்க வைத்து, நூலோடு சிவப்பைப் பிணைத்தார்கள். இம்பூறல் என்று வைத்தியர்கள் சொல்லும் அதே செடியின் வேர்தான் சாயவேர். நீலத்துக்கு அவுரி. சிவப்பு ஏற வேண்டிய இடத்தில் படிகாரம் தடவுவதும், நீலம் படக் கூடாத இடத்தில் மெழுகு பூசுவதும் என்று ஒரு துணி பல கைகள், பல வாரங்கள் கடந்து வரும். துவைக்கத் துவைக்கப் பளிச்சென்று ஆகும் துணியை லண்டன் பெண்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அங்கே நெசவாளர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். 1700இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இந்தியாவின் அச்சிட்ட, வண்ணம் தீட்டிய துணிகளை உள்நாட்டு உபயோகத்துக்கு இறக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. போதவில்லை. 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திய பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள். 1721இல் இன்னொரு சட்டம்: உடையிலோ வீட்டுச் சாமான்களிலோ அச்சிட்ட பருத்தி கூடாது. அது 1774 வரை நீடித்தது.

இந்தக் காலத்தில்தான் அந்தத் துணி வெட்டுப்படத் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆன குவில்ட் ஒன்று இருக்கிறது. சுமார் 1708ஐச் சேர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. பேட்ச்வொர்க்கின் பழைய சான்றுகளில் அது ஒன்று. கிடைத்தற்கரிய துணி கிழிந்தாலும் தூக்கிப் போட மனம் வருமா? கழிசல் துண்டையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பின்னர் அமெரிக்காவில், செஸபீக் விரிகுடாவைச் சுற்றியும் கரோலினாக்களிலும், சீட்டியிலுள்ள மரத்தையும் மயிலையும் பூங்கொத்தையும் ஓரம் பிசகாமல் வெட்டி வெள்ளைத் துணிமேல் பதித்துத் தைப்பது பெரிய வீடுகளில் வழக்கமானது. ஒரு கஜம் சீட்டியை வைத்துக் கட்டில் முழுக்கப் பூ விரித்துவிடலாம். இதற்குப் பின்னாளில் வந்த பெயர் ‘ப்ரோடரி பெர்ஸ்’, பாரசீகத் தையல். முதலில் வெட்டுப்பட்ட துணி பாரசீகத்தது இல்லை, மசூலிப்பட்டினத்தது. இந்த மாதிரிப் பெயர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்கிறது.

இதற்குள் இங்கிலாந்து தானே அச்சிடக் கற்றுக்கொண்டுவிட்டது. 1783இல் தாமஸ் பெல் செப்பு உருளை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். நூற்க இயந்திரம் வந்துவிட்டது, அச்சிட உருளை வந்துவிட்டது. பஞ்சுதான் வேண்டும். நான் குடியிருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா அருகே ஒரு தோட்டத்தில், 1793இல் எலை விட்னி பஞ்சிலிருந்து கொட்டை எடுக்கும் பொறியைச் செய்தார். கொட்டை எடுப்பது சுலபமானதும் நிலமெல்லாம் பருத்தி. பருத்தியைப் பறிப்பதற்கோ எந்திரம் இல்லை. 1790இல் அமெரிக்காவில் அடிமைகள் ஏறக்குறைய 7 லட்சம்; 1860இல் ஏறக்குறைய 40 லட்சம். நியூ இங்கிலாந்தின் ஆலைகளில் அந்தப் பஞ்சு துணியாகி, கஜம் சில சென்ட்டுக்குக் கடைக்கு வந்தது. அப்புறம்தான் பண்ணை வீட்டுப் பெண் ஒருத்தி நான்கு வகைச் சிவப்பு வாங்கி நட்சத்திரம் தைக்க முடிந்தது. குவில்ட் புத்தகங்கள் 1840களை ஒரு பொற்காலமாக எழுதுகின்றன. எழுதட்டும். பக்கத்திலேயே இந்த எண்களையும் அச்சிடலாம்.

அன்றே இதைப் பேசிய ஒரு குழந்தைப் போர்வை இருக்கிறது.

லிடியா மரியா சைல்ட் பாஸ்டனில் புகழ்பெற்ற எழுத்தாளர். 1829இல் அவர் எழுதிய சிக்கன இல்லத்தரசிக்கான கையேடு வீட்டுக்கு வீடு இருந்தது. காய்ந்த ரொட்டியை என்ன செய்வது, மெழுகை எப்படி மிச்சம் பிடிப்பது என்ற ரகம். பேட்ச்வொர்க்கைப் பற்றி அதில் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை. நல்ல துணியைக் கிழித்து வேறு உருவமாக அடுக்குவது நேரத்துக்குக் கேடு. வீட்டில் பிள்ளைகள் நிறைய இருந்தால், அவர்கள் சும்மா திரியாமல் இருக்க, மிஞ்சிய துண்டுகளை வைத்துச் செய்துகொள்ளட்டும் என்கிற தோரணை. அப்படியே என் அம்மா!

நான்கு வருஷம் கழித்து, 1833இல், அடிமை முறையை எதிர்த்து ஒரு புத்தகம் எழுதினார். உடனடி விடுதலை வேண்டும், வடக்கிலும் நிறவெறி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பாஸ்டன் பெரிய மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏதீனியம் நூலகம் அவருக்குத் தந்திருந்த சலுகையைத் திரும்பப் பெற்றது. அவருடைய மற்ற புத்தகங்களின் விற்பனையும் விழுந்தது. இந்த நிலையில் அவரும் மரியா வெஸ்டன் சாப்மனும் மற்ற பெண்களும் அடிமை எதிர்ப்பு இயக்கத்துக்குப் பணம் திரட்ட பாஸ்டனில் வருஷாவருஷம் சந்தை நடத்தினார்கள். 1836 சந்தையில் ஒரு தொட்டில் குவில்ட் விலைக்கு வைக்கப்பட்டது. சைல்ட் தைத்ததாகச் சொல்லப்படுவது. சின்னச் சின்ன நட்சத்திரங்கள். நடு நட்சத்திரத்தில், அழியாத மையில், சில வரிகள். உன் குழந்தையை அணைத்துக்கொள்ளும்போது, தன் குழந்தையைப் பறிகொடுத்த அடிமைத் தாயை நினைத்துக்கொள் என்பது அவற்றின் கருத்து.

விற்கப்படும் குழந்தையைப் பற்றிய சொற்கள், நிம்மதியாகத் தூங்கும் ஒரு குழந்தையின் நெஞ்சுக்கு நேராக. ஒவ்வொரு ராத்திரியும் போர்த்தும்போது அந்தத் தாய் அதைப் படித்தாக வேண்டும். இன்று ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து அமைப்பின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் படத்தை நான் முதலில் பார்த்தபோது அழகான நட்சத்திரங்கள் என்று நினைத்துத்தான் பெரிதாக்கினேன்.

அடிமை முறையும் குவில்ட்டும் என்றவுடன் இங்கே எல்லோரும் சொல்வது வேறொரு கதை. தப்பி ஓடும் அடிமைகளுக்கு வழிகாட்ட வேலியில் குவில்ட்களைத் தொங்கவிடுவார்களாம். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு ரகசிய அர்த்தமாம். 1999இல் ஜாக்குலின் டோபினும் ரேமண்ட் டோபார்டும் எழுதிய புத்தகத்திலிருந்து இது பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. தப்பி வந்தவர்கள் எழுதிய சரித்திரங்களிலும், 1930களில் முன்னாள் அடிமைகளிடம் எடுத்த ஏராளமான பேட்டிகளிலும் இதற்குச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருமுறை நான் இதைச் சொன்னபோது யாருக்கும் ரசிக்கவில்லை. எனக்கு இந்தக் கதைமேல் இருக்கும் வருத்தம் வேறு. உண்மையாகவே தைத்தவர்கள் பெயரோடு இருக்கும்போது இது எதற்கு?

ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில், ஆத்தன்ஸ் ஊர்ப் பக்கம், அடிமையாகப் பிறந்தவர். என் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை, கொஞ்சம் நிலம். 1886இல் ஆத்தன்ஸ் பருத்திக் கண்காட்சியில் அவருடைய குவில்ட் ஒன்று வைக்கப்பட்டது. பதினொரு கட்டங்கள், பைபிள் கதைகள்: ஏதேன் தோட்டம், காயீன், யாக்கோபின் ஏணி, சிலுவை. உருவங்களைத் துணியில் வெட்டி, கையாலும் எந்திரத்தாலும் பதித்துத் தைத்திருந்தார். ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை பார்த்தார், விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தர மாட்டேன் என்றுவிட்டார் பவர்ஸ்.

சில வருஷத்தில் கஷ்டம் வந்தது. பவர்ஸே சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை ஸ்மித் கையில் பணமில்லை. பிறகு ஸ்மித் தகவல் அனுப்ப, பவர்ஸ் மாட்டு வண்டியில் குவில்ட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சுத்தமான சாக்கில் சுற்றியிருந்தது. பத்து டாலர் கேட்டார். ஐந்துதான் இருக்கிறது என்றார் ஸ்மித். காலம் கெட்டுக் கிடக்கிறது, விற்றுவிடு என்று கணவரும் சொல்ல, கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு அர்த்தம் சொன்னார், ஸ்மித் எழுதிக்கொண்டார். அப்புறமும் பலமுறை ஆத்தன்ஸுக்கு வந்து அந்தக் குவில்ட்டைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது ஸ்மித்தின் குறிப்பால்தான். அந்த நன்றி அவருக்கு உண்டு. ஆனால் அந்தக் குறிப்பில் பவர்ஸ் பேசுவது கொச்சையாக, ஒன்றும் தெரியாத பாட்டி மாதிரி. நூறு வருஷம் அவரை எழுத்தறியாதவர் என்றே எழுதினார்கள். கைரா ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளிக்கொண்டு வந்த ஒரு கடிதம் வேறு சொல்கிறது. பவர்ஸ் தான் படிக்கக் கற்றதைச் சொல்கிறார், தைத்த குவில்ட்களைப் பற்றிச் சொல்கிறார். நமக்கு மிஞ்சியவை இரண்டுதான். பைபிள் குவில்ட் ஸ்மித்சோனியனில். மற்றது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அதில் பதினைந்து கட்டங்கள். பைபிள் கதைகளுக்கு நடுவே 1833 நவம்பரில் வானத்திலிருந்து எரிகற்கள் மழையாகப் பொழிந்த ராத்திரியும் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு நான்கு வருஷம் முன்பு நடந்தது. கேட்டு வளர்ந்த கதையைத் துணியில் இறக்கியிருக்கிறார். 2021 அக்டோபரில் பாஸ்டனில் இரண்டையும் ஒரே கண்காட்சியில் வைத்தார்கள். பவர்ஸ் 1910இல் இறந்தார். ஆத்தன்ஸில் உள்ள அவர் கல்லறை 2005 வாக்கில்தான் மறுபடி அடையாளம் காணப்பட்டது.

அப்புறம் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் மாவு, கோழித் தீவன மூட்டைகள் பூப்போட்ட பருத்தியில் வந்தன. பெண்கள் டிசைன் பார்த்துத் தீவனம் வாங்கினார்கள். சிக்கனக் கதை நிஜமாகவே பொருந்துவது இந்தக் காலத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1971இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் குவில்ட்களைச் சுவரில், நவீன ஓவியம் போல மாட்டியது. பல குவில்ட்களில் செய்தவர் பெயரே இல்லை. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி ஒரு கத்தியைக் கொண்டு வந்தது. கத்தரியால் ஒரு நாள் வெட்டுவதை அது ஒரு மணியில் வெட்டும். என்னைப் போன்ற வேலைக்குப் போகிறவர்கள் குவில்ட் தைக்க முடிவது அந்தச் சக்கரத்தால்தான். முடிக்காமல் வைப்பதும் அதனால்தான் என்பேன். வெட்டுவது அவ்வளவு சுலபமாகிவிட்டது.

இனி குழந்தைப் போர்வை. இதை அக்கா மகளிடம் சொன்னபோது முதலில் வந்த பதில், “சித்தி, தொட்டில்ல போட முடியாதே!” உண்மைதான். குழந்தை திடீரெனத் தூக்கத்தில் இறப்பதைத் தவிர்க்க, குப்புறப் போடாமல் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வைக்க வேண்டும் என்று 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது. இன்றைய அறிவுரைப்படி ஒரு வயது வரை தொட்டிலில் போர்வை, தலையணை, பொம்மை எதுவும் கூடாது. இறுக்கமான விரிப்பு ஒன்று, குழந்தை ஒன்று, அவ்வளவுதான். ஆக சைல்ட் தைத்தது போன்ற தொட்டில் குவில்ட்டுக்கு இன்று தொட்டிலில் இடமில்லை. தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட வைக்கலாம், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. அதனால் அளவை மாற்றினேன். நாற்பத்தைந்து அங்குலச் சதுரம், கொஞ்சம் கனமான பருத்திப் பேட்டிங், குழந்தை வாயில் வைக்கும் என்பதால் பித்தான், ஜிகினா எதுவும் கிடையாது. தையல்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு துவைப்பில் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுவிடும்.

துணிக்கு அந்த மூட்டையைப் பிரித்தேன். பட்டைத் தொடவில்லை. அம்மா தினமும் கட்டிய மதுரைச் சுங்குடி இரண்டு, நைந்துபோன ஒரு சின்னாளப்பட்டிப் புடவை. வெட்டட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். சிறிது நேரம் பதிலே இல்லை. “அதுலதான் உன்னைத் தூளி போட்டேன். கிழிக்காம அப்படியே குடேன்.” அப்படியே கொடுத்தால் இந்த ஊரில் அதைக் கட்ட உத்தரம் கிடையாது, அலமாரிக்குள் போய்விடும் என்றேன். “அப்ப கரையை மட்டும் வெட்டாதே” என்றாள். அதனால் முழு டிசைனும் மாறிவிட்டது. நட்சத்திரத்தை விட்டுவிட்டு, கரைகள் இரண்டையும் நீளமாக அப்படியே ஓட விட்டு, நடுவே புள்ளிச் சுங்குடியை ஐந்தங்குலச் சதுரங்களாக வைத்திருக்கிறேன். துணி நைந்திருப்பதால் ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்னால் மெல்லிய வெள்ளைத் துணி கொடுக்க வேண்டியிருந்தது. அதிலேயே மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அடித்துணியின் ஒரு மூலையில் பெயர்த் துண்டு வைத்தாகிவிட்டது. தைத்தவள் பெயர், புடவைக்காரி பெயர், ஊர், வருஷம் 2024. குழந்தையின் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

இன்னும் ஓரம் கட்ட வேண்டும். அதற்கு முன் அரக்குச் சுங்குடியை இன்னொரு முறை அலச வேண்டும். இத்தனை வருஷம் கட்டிய புடவை, இப்போதும் தண்ணீரில் சிவப்பு இறங்குகிறது. இது சாயவேர்ச் சிவப்பு இல்லை, ரசாயனச் சாயம். நாலாவது அலசலிலும் வெள்ளைக் கைக்குட்டை லேசாக ரோஜா நிறத்தில் வந்தது. ஐந்தாவதில் வெளுப்பாக வந்தால் அன்று ராத்திரியே ஓரம் கட்டத் தொடங்கிவிடுவேன். பிரசவத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.